பிப்ரவரியில் வரும் உறை

கேள்வி: அக்கா, சியாட்டில் பக்கம் வந்து பதினாறு வருடமாகிறது. போன வருடம்தான் எனக்கும் கணவருக்கும் சிட்டிசன்ஷிப் கிடைத்தது. நவம்பரில் ஆசையாக ஓட்டுப் போட்டோம். இப்போது பிப்ரவரியில் ஓட்டுச்சீட்டோடு இன்னோர் உறை தபாலில் வந்திருக்கிறது. பிரித்தால், பள்ளி லெவி, அதாவது பள்ளிகளுக்காக வசூலிக்கும் சொத்து வரி பற்றி ஒரே ஒரு கேள்வி. சொத்து வரி கூடும் என்கிறார் கணவர். எங்கள் மகளோ ஜூனில் பள்ளியை முடிக்கிறாள். இதற்கும் ஓட்டுப் போடத்தான் வேண்டுமா?
— ஒரு வாசகி, பாத்தெல்

பதில்: கட்டாயம் போடுங்கள். அந்த உறை கூப்பன் கட்டுக்குள் கிடந்தால் முதலில் அதை எடுத்துக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். நான் ஒருமுறை அப்படித்தான் தவறவிட்டேன். தேதி முடிந்து நாலு நாள் கழித்துக் கையில் கிடைத்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ஏன் வருத்தம் என்றால், லெவிப் பணம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு தொடக்கப் பள்ளியில் ஆறு வருடம் உதவியாளராக இருந்தேன். ‘பாரா’ என்பார்கள். என் பொறுப்பில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். பேச்சு வராது. பசித்தால் என் கையைப் பிடித்துத் தன் பையின் ஜிப் மேல் வைப்பான். அது பசி என்று எனக்குப் புரியவே மூன்று வாரம் ஆனது. அடுத்த வருடம் வேறோர் ஆள் வந்தால், அந்தக் குழந்தை இன்னொரு மூன்று வாரம் பசியோடு ஜிப்பைத் தொட்டுக் காட்ட வேண்டும். மாநிலம் தரும் பணம் எங்கள் எல்லோருடைய சம்பளத்துக்கும் போதவில்லை. மிச்சத்தை லெவிதான் தாங்கியது. நர்ஸ், ஆலோசகர், இசை வகுப்பு என்று இன்னும் பலவற்றுக்கும் அதில்தான் கை வைப்பார்கள்.

‘அதெல்லாம் மாநிலம் தர வேண்டியதுதானே?’ என்று உங்கள் கணவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மாநிலம் தன் கடமையைச் சரிவரச் செய்யவில்லை என்று வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றமே 2012-ல் மெக்ளியரி வழக்கில் சொன்னது. அதற்குப் பிறகு மாநிலப் பணம் கூடியது. ஆனாலும் இடைவெளி முழுக்க அடைபடவில்லை.

வரிக்கு வருவோம். உறைக்குள் இருக்கும் ஓட்டுச்சீட்டிலேயே, வீட்டு மதிப்பில் ஆயிரம் டாலருக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். ஒரு டாலர் ஐம்பது சென்ட் என்றால், 8 லட்சம் டாலர் வீட்டுக்கு வருடம் 1,200 டாலர். அதைச் சின்னத் தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது முழுக்கப் புதிய வரியா, முடியப்போகும் பழைய லெவிக்குப் பதிலாக வருவதா என்று பாருங்கள். பல நேரம் பழையதன் தொடர்ச்சியாகத்தான் இருக்கும். 61 வயது நிறைந்து, வருமானமும் குறைவாக உள்ளவர்களுக்குச் சொத்து வரிச் சலுகை உண்டு. பெற்றோர் தங்கள் பெயரில் சொந்த வீட்டில் இருந்தால் கவுண்டி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மகள் முடிக்கப் போகிறாள் என்கிறீர்கள். அவள் கிண்டர்கார்டன் சேர்ந்தபோது உங்களுக்கு ஓட்டு இருந்ததா? எனக்கு இல்லை. விசா, அப்புறம் கிரீன் கார்டு வரிசை என்று என் பிள்ளைகள் இருவரும் நான் ஓட்டே போடாமல் படித்து வெளியே வந்தார்கள். அவர்களுக்காக வேறு யாரோ உறையில் கையெழுத்துப் போட்டார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களாகக்கூட இருக்கலாம். இன்று உங்கள் ஊர் அப்பார்ட்மென்ட்களில் நம் குடும்பங்கள் எத்தனை, அவற்றில் ஓட்டு உள்ளவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஓட்டில்லாத அந்த வீட்டுக் குழந்தைகளும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவும் பிப்ரவரியில் நவம்பரைப் போலக் கூட்டம் இருக்காது. உங்கள் வீட்டு இரண்டு ஓட்டுக்கு அப்போது கனம் அதிகம்.

லெவிக்குப் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும். 2007-ல் அரசியலமைப்பைத் திருத்தித்தான் அந்த நிலை வந்தது. பள்ளிக் கட்டடத்துக்காக வாங்கும் கடனான பாண்டுக்கு இன்றும் 60 சதவீதம் வேண்டும். நூறு பேரில் 59 பேர் சரி என்றாலும் தோல்விதான். எங்கள் பள்ளிக்குப் பின்னால் வரிசையாகப் போர்ட்டபிள் எனும் தற்காலிக வகுப்பறைகள் நின்றன. உள்ளே கழிப்பறை கிடையாது. ஜனவரி மழையில் ஆறு வயதுக் குழந்தை கோட்டை மாட்டிக்கொண்டு பெரிய கட்டடத்துக்கு ஓடி, நனைந்த சாக்ஸோடு திரும்பும். பாண்டு வந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நாங்கள் எச்1பி விசாவில் இருக்கிறோம். ஓட்டு கிடையாது. லெவிக்கு உதவ ஏதாவது வழி உண்டா?
— ஒரு வாசகர், சம்மமிஷ்

பதில்: உண்டு. அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. சிட்டிசன் அல்லாதவர்கள் வாக்காளராகப் பதிவு செய்யவே கூடாது. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கும் இடத்தில் யாராவது கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாடு கடத்தும் வரை போகக்கூடிய விஷயம் இது. சான் பிரான்சிஸ்கோவில் 2016-ல் மக்கள் ஓட்டுப் போட்டு, பள்ளி வாரியத் தேர்தலில் மட்டும் சிட்டிசன் அல்லாத பெற்றோருக்கும் இடம் கொடுத்தார்கள். இங்கே அப்படி இல்லை.

லெவிப் பிரச்சாரத்துக்கு நீங்கள் பணம் தராதீர்கள். சம்பளமில்லாமல் உழைப்பைத் தாருங்கள். பள்ளி நேரத்திலோ பள்ளி மின்னஞ்சலிலோ ‘ஆம் என்று போடுங்கள்’ என ஆசிரியர்கள் கேட்கச் சட்டம் விடாது. அதனால்தான் இது பெற்றோர் குழுக்களின் கையில் இருக்கிறது. ஓட்டுள்ள பத்துத் தமிழ் வீடுகளுக்கு நீங்கள் போன் போட்டு, “உறை வந்ததா? பிரித்தீர்களா?” என்று கேட்டாலே பெரிய உதவி.

கேள்வி: அம்மாவுக்கும் சிட்டிசன்ஷிப் வந்துவிட்டது. தமிழில்தான் கையெழுத்துப் போடுவார். உறையில் செல்லுமா?
— ஒரு வாசகி, ரெட்மண்ட்

பதில்: செல்லும். பதிவின்போது போட்ட கையெழுத்தோடுதான் ஒப்பிடுவார்கள். அங்கே தமிழ் என்றால் இங்கேயும் தமிழ். ஒத்துப்போகவில்லை என்றால் கவுண்டியிலிருந்து கடிதம் வரும்; ஓட்டு போய்விட்டது என்று நினைத்து அதைத் தூக்கிப் போடாதீர்கள், சரிசெய்ய அவகாசம் உண்டு. ஸ்டாம்ப் ஒட்ட வேண்டாம். கடைசி நாள் வரை இழுத்துவிட்டால் தபாலை நம்பாமல், உறையை நேரில் போடும் பெட்டியான டிராப் பாக்ஸுக்கே போங்கள். இரவு 8 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் கையாலேயே போடட்டும்.