வாசகர் கேள்வி – பதில்: பாட்டியின் சிவப்பு ஐ.சி.

கேள்வி: ஐயா, என் பாட்டி 1930களில் பாரிட் புந்தார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய சித்தி மகள் பிறந்தது நிபோங் திபாலில். இரண்டு பேரும் இந்தியாவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. சித்தி மகளுக்குக் குடியுரிமை லேசாகக் கிடைத்துவிட்டது, பாட்டி மட்டும் சிவப்பு ஐ.சி.யோடு (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அடையாள அட்டை) பல வருஷம் அலைந்தார். இரண்டு ஊரையும் ஆண்டது ஒரே வெள்ளைக்காரன்தானே, பிறகு ஏன் இப்படி? – பாரிட் புந்தார் வாசகி

பதில்: ஆண்டது ஒரே வெள்ளைக்காரன்தான் அம்மா, ஆனால் இரண்டு ஊரையும் அவன் ஒரே மாதிரி ஆளவில்லை. பினாங்குத் தீவு 1786இலும் செபராங் பிறை 1800இலும் ஆங்கிலேயர் கைக்குப் போனவை. 1826இல் மலாக்காவையும் சிங்கப்பூரையும் சேர்த்து நீரிணைக் குடியேற்றங்கள் என்று ஒன்றாக்கினார்கள், 1867இலிருந்து லண்டனே நேரடியாக ஆண்டது. நம் நிபோங் திபால் அதற்குள் வருகிறது, அதாவது அங்கே பிறந்த குழந்தை இங்கிலாந்து ராஜாவின் மண்ணிலேயே பிறந்த குழந்தை. பாரிட் புந்தார் இருக்கிற பேராக் அப்படியில்லை. காகிதத்தில் அது சுல்தானின் நாடு, ஆங்கிலேயர் பாதுகாப்பு மட்டும் கொடுப்பதாகப் பேச்சு. உங்கள் பாட்டி பிறந்த லயம் (தொழிலாளர்களின் வரிசை வீடு) இரண்டுக்கும் நடுவே இருந்த எல்லைக்கோட்டுக்குப் பேராக் பக்கம் இருந்தது.

பாலுக்காக ரப்பர் மரம் சீவப் போகிறவர்களுக்கு இந்தக் கோடு கண்ணில் படவே இல்லை. இங்கேயும் துரை, அங்கேயும் துரை, இரண்டு பக்கமும் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டு, அதே கள்ளுக்கடை. 1948 பிப்ரவரி 1ஆம் தேதி மலாயாக் கூட்டரசு ஒப்பந்தம் நடப்புக்கு வந்தபோதுதான் வித்தியாசம் வெளியே தெரிந்தது. பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்து நிரந்தரமாக இங்கேயே குடியிருக்கிற பிரிட்டிஷ் பிரஜை நேரே குடிமகன் ஆனார். மலாய் மாநிலத்தில் பிறந்த நம்மவர்களிடம் மட்டும் அப்பா எங்கே பிறந்தார், தொடர்ந்து எத்தனை வருஷம் இங்கே இருந்தார் என்றெல்லாம் கேட்டார்கள். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டம், நடுவில் ஒரு தடவை ஊருக்குப் போய் வந்தது என்று இருந்த மனிதர்கள் இதற்கெல்லாம் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்? சிலரிடம் பிறப்புப் பத்திரம்கூட இல்லை.

1957இல் மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்தபோது, அதற்கு முன் இங்கே பிறந்தவர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற வழி செய்தார்கள், முதல் ஒரு வருஷத்துக்கு மலாய் மொழிச் சோதனையும் கிடையாது. அந்த ஒரு வருஷத்தை நம் தோட்டத்து மக்களில் நிறையப் பேர் கோட்டைவிட்டார்கள். சேதி லயம்வரை ஒழுங்காக வந்து சேரவில்லை, சேதி தெரிந்தவர்களும் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு டவுனுக்குப் போய்ப் படிவம் நிரப்பத் தயங்கினார்கள். அவர்களைக் குறை சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கேள்வி: ஆங்கிலேயர் மலாய் சுல்தானிடம் வைத்த ரெசிடெண்ட் என்ற அதிகாரி வெறும் ஆலோசகர் என்று பள்ளியில் படித்தேன். ஆலோசகரை ஏன் பேராக்கின் பாசிர் சாலாக்கில் கொன்றார்கள்? – சுங்கை சிப்புட் மாணவர்

பதில்: தம்பி, ஆங்கிலேயரும் பேராக் மலாய்ப் பிரபுக்களும் 1874 ஜனவரி 20ஆம் தேதி கையெழுத்திட்ட பங்கோர் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. மலாய்க்காரர்களின் மதம், பழக்கவழக்கம் இந்த இரண்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சுல்தான் ரெசிடெண்டின் ஆலோசனையைக் கேட்கவும் வேண்டும், கேட்டபடி நடக்கவும் வேண்டும். வரி வசூலும் அதில் அடக்கம். வசூல் கையை விட்டுப் போனால் ஒரு மலாய்ப் பிரபுவுக்கு ஆட்களும் இல்லை, அதிகாரமும் இல்லை.

முதல் ரெசிடெண்ட் பெர்ச் இலங்கையில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். மலாய் சரியாகத் தெரியாது, பொறுமை அதைவிடக் குறைவு. கடன் அடிமைகளாக இருந்து ஓடி வந்தவர்களுக்கு இடம் கொடுத்தார், அதை நான் நல்ல காரியம் என்றே சொல்வேன். ஆனால் எல்லா வசூலையும் ஒரே வீச்சில் பிடுங்கப் பார்த்தார். 1875 நவம்பர் 2ஆம் தேதி பாசிர் சாலாக்கில் அறிவிப்புகளை ஒட்டச் சொல்லிவிட்டு ஆற்றோரக் குளியலறைக்குள் போனவரை அங்கேயே குத்திக் கொன்றார்கள். பதிலுக்குப் படை வந்தது. மலாய்ப் பிரபு மகாராஜா லேலாவைத் தூக்கில் போட்டார்கள், சுல்தான் அப்துல்லாவை சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். ஈப்போ போனால் பெர்ச் நினைவு மணிக்கூண்டைப் பார், அது நிற்கிற தெருவுக்கு இன்று டத்தோ சாகோர் பெயர். அந்தக் கொலைக்காகத் தூக்கிலிடப்பட்டவர்களில் அவரும் ஒருவர்.

ஆனால் 1877இல் வந்த ஹியூ லோவைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். போர்னியோ பக்கம் பல வருஷம் இருந்தவர், மலாய் நன்றாகப் பேசுவார். மாநில மன்றம் அமைத்தார். மலாய்ப் பிரபுக்களையும் சீனத் தலைவர்களையும் அதில் உட்கார வைத்தார், பிரபுக்களுக்கு மாதப் படி கொடுத்தார். எல்லாரும் மரியாதையாக உட்கார்ந்திருக்க, முடிவு மட்டும் ரெசிடெண்ட் கையில் இருந்தது. பெர்ச் அவசரப்பட்டு உயிரையே விட்டதை இவர் பன்னிரண்டு வருஷத்தில் சத்தமில்லாமல் முடித்தார். கோலா கங்சாரில் ரெசிடென்சித் தோட்டத்தில் ரப்பர்க் கன்றுகளை நட்டவரும் இவரே. அந்தக் காலத்து மரம் ஒன்று மாவட்ட அலுவலகம் பக்கத்தில் இன்னும் நிற்கிறது, உன் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்து வந்துவிடலாம்.

கேள்வி: தோட்டத்துப் பெரிய துரை அரசாங்க ஆளா? – சுங்கை பாக்காப் வாசகர்

பதில்: இல்லை, அவர் கம்பெனியின் ஆள். மாவட்ட அதிகாரியும் தொழிலாளர் இலாகாவும்தான் அரசாங்கம். அந்த இலாகாவுக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரிகளில் சிலர் தமிழ் படித்தவர்கள், தோட்டத்துக்கு வந்து புகார் கேட்பார்கள். ஆனால் புகார் சொல்கிறவன் பின்னால் கிராணியும் (தோட்டத்துக் குமாஸ்தா) கங்காணியும் நிற்கும்போது யார் வாயைத் திறப்பார்? சாயங்காலம் கிளப்பில் அதிகாரியும் துரையும் ஒரே மேசையில்.

1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது சம்பளத்தோடு சேர்த்துக் கேட்டவற்றைப் பாருங்கள்: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய வழக்கம் ஒழிய வேண்டும், உறவினர்கள் லயத்துக்கு வந்துபோக விட வேண்டும், பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். இதற்கு அரசாங்கம் தலைவர் ஆர். எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தியது, பட்டாளத்தை இறக்கியது, தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். துரை அரசாங்க ஆள் இல்லைதான், ஆனால் அரசாங்கம் யார் பக்கம் நின்றது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்வி: பாரிட் புந்தாரில் ஆற்றைத் தாண்டினால் பண்டார் பாரு. அங்கேயும் ரெசிடெண்டா? – பண்டார் பாரு வாசகர்

பதில்: பண்டார் பாரு கெடாவில் இருக்கிறது, அங்கே ரெசிடெண்ட் இல்லை, ஆலோசகர் என்ற பதவி. கெடா 1909இல்தான் சயாமிடமிருந்து ஆங்கிலேயர் பக்கம் வந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் நான்கையும் 1896இல் கட்டிய கூட்டமைப்பில் அது சேரவே இல்லை. அதனால் குடும்பத்துப் பழைய காகிதம் தேடுகிறவர்கள் பிறந்த தோட்டம் ஆற்றின் எந்தப் பக்கம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டில் மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்து இன்னும் சிவப்பு ஐ.சி. வைத்திருக்கிற பெரியவர் இருந்தால், அரசியலமைப்பின் 16ஆவது பிரிவைச் சொல்லிப் பதிவிலாகாவில் கேளுங்கள். பிறப்புப் பத்திரம் இல்லையென்றால் தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவு, தோட்டத்துச் செக்ரோல் (வேலையாட்களின் வருகைப் பதிவு), எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு போங்கள், பெரியவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.