வெளிப்புறக் கல்வி வெறும் சுற்றுலாவா?

‘வெளிப்புறக் கல்வி என்று மாணவர்களைக் காடு, மலை என்று கூட்டிப்போவதில் என்ன கற்றல் நோக்கம் இருக்கிறது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். 1941-ல் வேல்ஸின் அபர்டோவியில் கல்வியாளர் குர்ட் ஹானும் கப்பல் நிறுவனத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஹோல்ட்டும் அவுட்வர்டு பவுண்ட் என்ற வெளிப்புறக் கல்விப் பள்ளியைத் தொடங்கியபோது, போர்க்காலக் கடலில் இளம் மாலுமிகள் தாக்குப்பிடிக்க வேண்டுமே என்பதுதான் கவலை. படகோட்டுவது ஒரு சாக்கு. உண்மையான பாடம் மனவுறுதியும் சக மனிதர் மீதான அக்கறையும்.

இப்படிப்பட்ட பயணத்தில் மாணவர்கள் வரைபடத்தைத் தப்பாகப் படித்தால் கூடுதலாக நடக்க வேண்டும். மதிப்பெண் குறைக்க ஆசிரியர் தேவையில்லை. பின்தங்கியவருக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதைக் குழுவே முடிவு செய்யும். அப்புறம் இரவில் உட்கார்ந்து நடந்ததை அலசுவார்கள். என்னைக் கேட்டால் இதுதான் உயிர்நாடி. இதை விட்டுவிட்டால் சுற்றுலாதான், சந்தேகமில்லை. கொண்டுபோன குப்பையைத் திரும்ப எடுத்துவருவது, பாதையை விட்டு விலகாமல் நடப்பது போன்ற இயற்கை மீதான பொறுப்பும் இதில் சேரும்.