மாமியாரின் இல்லச் செலவு மகனின் சம்பளத்தில் விழுமா?

அன்புள்ள தங்கைக்கு,

மாமியாரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருப்பதால் உங்கள் கணவரின் சம்பளத்தில் யேர்மன் அரசு கைவைக்குமா என்றும், நீங்கள் வேலைக்குப் போனால் அதுவும் கணக்கில் சேருமா என்றும் கேட்டிருந்தீர்கள். உறவினர் சொல்லிப் பயமுறுத்தியது பெரும்பாலும் பழைய நடைமுறை.

பெற்றோரைத் தாங்கும் கடமை யேர்மன் குடியியல் சட்டத்தில் இன்றும் இருக்கிறது. ஆயினும், 2020 சனவரி 1 முதல், ஆண்டு வருமானம் 100,000 யூரோவைத் தாண்டாத பிள்ளையிடம் நம்மவர் ‘சோசியல்’ என்று சொல்லும் சமூக உதவி அலுவலகம் இச்செலவைக் கேட்க முடியாது. இந்த எல்லை ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே பார்க்கப்படுகிறது. வாடகை வருமானம் இருந்தால் அது சேரும், மருமகளின் சம்பளம் சேராது. ஆகவே நீங்கள் தயங்காமல் வேலை தேடலாம்.

என் பார்வையில், நம் குடும்பங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. பராமரிப்புக் காப்புறுதி தேவையின் தரத்துக்கேற்ப ஒரு குறிப்பிட்ட தொகையை மட்டுமே தருகிறது. மிகுதியை மாமியாரின் ஓய்வூதியத்திலிருந்தும், சேமிப்பில் 10,000 யூரோவை அவருக்கென விட்டுவைத்து எஞ்சியதிலிருந்தும் செலுத்திய பின்னரே சோசியல் உதவிக்கு வரும். அந்த விண்ணப்பத்தில் ஊரில் அவர் பெயரிலுள்ள காணியையும் வீட்டையும் குறிப்பிட வேண்டும். “யாழ்ப்பாணத்துக் காணி இவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது” என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள், மறைத்தது வெளிப்பட்டால் கொடுத்த உதவியைத் திருப்பிக் கேட்பதோடு வழக்கும் வரலாம். கடந்த 10 ஆண்டுகளுக்குள் அவர் பிள்ளைகளில் ஒருவருக்கு வீட்டை எழுதிக்கொடுத்திருந்தாலோ பெருந்தொகையை அன்பளிப்பாகக் கொடுத்திருந்தாலோ, பெற்றவரின் வருமானம் 100,000 யூரோவுக்குக் குறைவாக இருந்தாலும் அதைச் சோசியல் மீளக் கோரலாம். அண்ணன் தம்பிக்குள் மனக்கசப்பு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. மாமனார் இருந்தால் அவருடைய வருமானமும் சேமிப்பும் கணக்கில் வரும், ஏனெனில் அந்த 100,000 யூரோ எல்லை பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது.

இல்லத்தின் ஒப்பந்தத்தில் உங்கள் கணவர் தாயின் சார்பில் கையெழுத்திடுவதாக எழுதியே ஒப்பமிட வேண்டும். செலவுக்குத் தாமே பொறுப்பு என்ற வரி அதில் இருந்தால், சட்டம் கேட்காத கடனை அவராகவே ஏற்றதாகிவிடக்கூடும். ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால், அந்தப் படிவத்தைச் சமூகச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.