போர்டுல எழுதுங்க, முழுசா எழுதுங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே விஷயம். க்ரூப் ட்ரெய்னிங் போறவங்க, அதுலயும் கிராஸ்ஃபிட் மாதிரி ஸ்பீடா, வெயிட்டோட பண்ற பேட்ச்ல இருக்கறவங்க, தங்களோட பி.ஆர். பத்தி வெளிய சொல்றதா வேணாமான்னு கேட்டிருக்காங்க. தெரியாதவங்களுக்கு, பி.ஆர்.னா பர்சனல் ரெக்கார்ட், நீங்க இதுவரைக்கும் தூக்கினதுலயே பெருசு. ஊர் ரெக்கார்ட் இல்ல, உங்க ரெக்கார்ட். நான் பன்னெண்டு வருஷமா கோச்சா நிக்கறேன், இந்த கேள்விய தினமும் யாராவது ஒருத்தர் மூஞ்சில பாக்கறேன், அதனால இந்த மாசம் முழுக்க இதுக்கே.

"அக்கா, எனக்கு 38 வயசு, ரெண்டு பசங்க. ஒன்றரை வருஷமா காலைல 5.30 பேட்ச் போறேன். போன மாசம் 80 கிலோ டெட்லிஃப்ட் (தரையில இருந்து தூக்கி நேரா நிக்கறது) எடுத்தேன், என் எடை 62. பேட்ச்ல எல்லாரும் கத்தி, மணி அடிச்சு, போர்டுல எழுதினாங்க. சந்தோஷத்துல வீடியோவ ஸ்டேட்டஸ்ல வெச்சேன். என் நாத்தனார் போன் பண்ணி 'இதெல்லாம் ஊருக்கே காட்டணுமா, கண்ணு பட்டுடும், கர்ப்பப்பை இறங்கிடும்'னாங்க. உடனே எடுத்துட்டேன். நான் தம்பட்டம் அடிச்சுக்கிட்டேனா?"
வாசகி, கோயம்புத்தூர்

திரும்ப வைங்க தங்கச்சி.

நீங்க லெட்டரோட வீடியோவும் அனுப்பியிருந்தீங்க, அத நான் நாலு தடவை பாத்தேன். 15 கிலோ பார் (கம்பி), ஒவ்வொரு பக்கமும் 20, 10, ரெண்டரை கிலோ பிளேட். குனிஞ்சு பிடிக்கறீங்க, மூச்ச இழுத்து வயித்த இறுக்கறீங்க, அதுக்கப்புறம் ஒரு செகண்ட் ஒண்ணுமே நடக்கல. பார் பிளேட்டோட ஓட்டைக்குள்ள மேல முட்டி 'டக்'னு ஒரு சத்தம் வருதே, அது வரைக்கும் பொறுமையா இழுத்து நிறுத்திட்டு அப்புறம் தான் கால்ல தரைய தள்றீங்க. புதுசா வர்றவங்க அந்த ஒரு செகண்ட் இருக்க மாட்டாங்க, வெடுக்குனு பிடுங்குவாங்க, முதுகு வளையும். உங்க முதுகு கடைசி வரைக்கும் பலகை மாதிரி நின்னுச்சு. அந்த ஒரு செகண்டுக்கு தான் ஒன்றரை வருஷம் ஆச்சு, அத எதுக்கு ஒளிச்சு வைக்கணும்?

தம்பட்டம்னா இல்லாதத இருக்கறதா சொல்றது, இல்லாட்டி அடுத்தவங்கள மட்டம் தட்டறதுக்காக சொல்றது. நீங்க ரெண்டும் பண்ணல. ஆனா ஒண்ணு சொல்றேன், வெறும் வீடியோவ மட்டும் வெச்சா பாக்கறவங்களுக்கு ஒரு செவந்த மூஞ்சியும் ஒரு கம்பியும் தான் தெரியும், பயந்துடுவாங்க. உங்க நாத்தனார் பயந்ததும் அதுல தான், அதுல பாசமும் இருக்கு, கோவப்படாதீங்க. கீழ ரெண்டு வரி எழுதுங்க: மொத நாள் எவ்வளவு தூக்கினீங்க, எத்தனை மாசம் ஆச்சு, 80 கிலோன்னா என்ன. வீட்டுக்கு வர்ற கேஸ் சிலிண்டர் ஃபுல்லா இருந்தா கிட்டத்தட்ட 30 கிலோ, நீங்க ஒரே தடவைல ரெண்டரை சிலிண்டருக்கு மேல தூக்கியிருக்கீங்க. அப்படி சொன்னா வீட்ல இருக்கற பாட்டிக்கும் புரியும், புரிஞ்சா அவங்களே நாலு பேருக்கு சொல்லுவாங்க.

கர்ப்பப்பை விஷயம். கோச் பக்கத்துல நிக்க, கொஞ்சம் கொஞ்சமா ஏத்திட்டு வந்த ஆரோக்கியமான பொண்ணு வெயிட் தூக்கறதால மட்டுமே இறங்கிடும்னு பயந்து நிறுத்த வேணாம். அதே சமயம் ரெண்டு பிரசவம் ஆன உடம்பு, அதனால தும்மும்போதோ தூக்கும்போதோ யூரின் கசிஞ்சா, இல்ல அடியில ஏதோ பாரமா இறங்கற மாதிரி இருந்தா, வெட்கப்படாம மகப்பேறு டாக்டர பாருங்க, கோச் கிட்டயும் சொல்லுங்க. எத்தனையோ பேர் இத சொல்லாம கருப்பு பேண்ட் போட்டுட்டு சமாளிக்கறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கு. பி.ஆர். சொல்ற அதே வாயால இதையும் சொல்லலாம்.

"நான் 100 கிலோ டெட்லிஃப்ட்னு க்ரூப்ல போட்டு 60 லைக் வாங்கிட்டேன். அடுத்த வாரம் தான் தெரிஞ்சுது, நான் எடுத்த பார் 20 கிலோ இல்ல, 15 கிலோவாம். இப்ப சொல்லணுமா?"
வாசகர், வேளச்சேரி

சொல்லணும் தம்பி, இன்னைக்கே சொல்லுங்க, "அது 95, பார் மாறிடுச்சு"ன்னு ஒரே வரி போதும். ஏன்னா நாளைக்கு நிஜமா 100 எடுக்கும்போது அந்த சந்தோஷம் உங்களுக்கு வேணும், இப்பவே அத செலவு பண்ணிட்டா அன்னைக்கு எதுக்கு அடிப்பீங்க மணிய? இனிமே பார எடுக்கும்போதே பாத்துக்கோங்க, 15 கிலோ பார் பிடிக்கறதுக்கு மெலிசா இருக்கும், 25 மில்லிமீட்டர், 20 கிலோ பார் 28. நீளமும் 201 சென்டிமீட்டர், மத்தது 220. பக்கத்துல பக்கத்துல வெச்சா உடனே தெரிஞ்சுடும். பவுண்டுல எழுதின பிளேட்டுலயும் இதே கோளாறு வரும், 45 பவுண்டுன்னா இருபதரை கிலோ கூட வராது.

"எங்க பேட்ச்ல 'ஃபிரான்' பண்ணோம். என் ஃப்ரெண்ட் ஒருத்தன் 5 நிமிஷத்துல முடிச்சான்னு போர்டுல முதல் பேரு அவனோடது. ஆனா ஸ்குவாட்ல பாதி தான் இறங்கறான், புல்-அப்ல தாடை பாருக்கு மேல வரவே இல்ல. நான் முழுசா பண்ணி 9 நிமிஷம், அதுவும் புல்-அப்புக்கு உடம்ப மேல தூக்கி விடற ரப்பர் பேண்ட் போட்டு. எழுதவே கூச்சமா இருக்கு மேடம்."
வாசகர், மதுரை

ஃபிரான்னா என்னன்னு மத்தவங்களுக்கு சொல்லிடறேன். த்ரஸ்டர் 21, புல்-அப் 21, அப்புறம் 15, 15, அப்புறம் 9, 9. த்ரஸ்டர்னா பார தோள்ல வெச்சு முழுசா உக்காந்து எந்திரிக்கற வேகத்துலயே தலைக்கு மேல தள்றது. மொத்தம் ரெண்டுலயும் 45, 45. ஆம்பளைங்களுக்கு 43 கிலோ, பொம்பளைங்களுக்கு 29, இது அப்படியே பண்ணா ஆர்.எக்ஸ்.னு எழுதுவாங்க, குறைச்சு பண்ணா ஸ்கேல்டுன்னு எழுதுவாங்க. கேக்க சின்னதா இருக்கும், முடிச்சதும் தரையில படுத்து சீலிங்க பாத்துட்டு இருப்பீங்க, தொண்டையில இரும்பு ருசி வரும்.

உங்க 9 நிமிஷத்த எழுதுங்க, பக்கத்துல எத்தனை கிலோ, எந்த கலர் பேண்ட்னு எழுதுங்க. ஸ்கேல்டுங்கறது மார்க் கம்மின்னு அர்த்தம் இல்ல, அது தகவல். மூணு மாசம் கழிச்சு அதே ஃபிரான் வரும்போது போர்ட போட்டோ எடுத்து வெச்சிருந்தீங்கன்னா பச்சை பேண்ட் போய் மெலிசான சிவப்பு பேண்ட் வந்திருக்கும், டைம் அதே 9 ஆ கூட இருக்கலாம், ஆனா அது பெரிய பி.ஆர். பேண்ட எழுதலேன்னா உங்களுக்கே அது தெரியாம போயிடும்.

ஃப்ரெண்ட் விஷயம் கஷ்டமானது தான். எல்லார் முன்னாடியும் சொல்லாதீங்க, தப்பா போகும். கோச் கிட்ட "அடுத்த தடவை ஜோடி ஜோடியா நிக்க வெச்சு ஒருத்தர் ரெப்ப, அதாவது எத்தனை தடவை பண்றார்ங்கறத, இன்னொருத்தர எண்ண சொல்லுங்க"ன்னு கேளுங்க. எண்ணறவர் நோ-ரெப், அதாவது முழுசா பண்ணலன்னு, சொன்னா அது கணக்குல வராது, யாருக்கும் யார் மேலயும் கோவமும் வராது. நான் என் பேட்ச்ல இப்படி தான் பண்றேன். இடுப்பு முட்டிக்கு கீழ இறங்கணும், தாடை பார தாண்டணும், அவ்வளவு தான் சட்டம். மொத வாரம் எல்லார் டைமும் ஒண்ணு ரெண்டு நிமிஷம் கூடிடுச்சு, ஒரு பையன் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டான், மூணாவது வாரம் அவனே இன்னொருத்தருக்கு நோ-ரெப் சொல்லிட்டு இருந்தான்.

நம்ம தென் மாவட்டங்கள்ல இளவட்டக்கல் தூக்கறத பாத்திருப்பீங்க. பொங்கலுக்கு இப்பவும் போட்டி வைக்கறாங்க, பொண்ணுங்களும் தூக்கறாங்க. உக்காந்து கல்ல கட்டி அணைச்சு முட்டிக்கு கொண்டு வந்து, நெஞ்சுக்கு ஏத்தி, தோளுக்கு போய், பின்னால போடணும். நெஞ்சு வரைக்கும் வந்துட்டு விட்டா யாரும் முக்கால் கல் தூக்கினான்னு சொல்ல மாட்டாங்க, நல்லா வந்துச்சு, அடுத்த வருஷம் போட்டுடுவேன்னு தட்டி கொடுப்பாங்க. ஊரே சுத்தி நின்னு பாக்குது, அதனால தான் அந்த பேருக்கு மதிப்பு. போர்டும் அப்படி இருந்தா தான் அதுல பேர் வர்றதுக்கு அர்த்தம்.

"மே கடைசில எங்க க்ரூப்ல 'மர்ஃப்' வைக்கறாங்க. எல்லாரும் டைம் போடுவாங்க, நானும் 50 நிமிஷத்துக்குள்ள முடிச்சு போடணும்னு ஆசை. நான் சேர்ந்து மூணு மாசம் ஆகுது."
வாசகர், சென்னை

இதுக்கு மட்டும் கொஞ்சம் கண்டிப்பா பேசறேன், மன்னிச்சுக்கோங்க.

மர்ஃப்னா ஒரு மைல் ஓட்டம், 100 புல்-அப், 200 புஷ்-அப், 300 ஸ்குவாட், திரும்ப ஒரு மைல். அமெரிக்க நேவி சீல் அதிகாரி மைக்கேல் மர்ஃபி 2005 ஜூன் 28 ஆப்கானிஸ்தான்ல சண்டையில இறந்தார், அவருக்கு ரொம்ப பிடிச்ச வொர்க்அவுட் இது, அவர் நினைவா அமெரிக்கால மே கடைசி திங்கட்கிழமை பண்றாங்க. 9 கிலோ எடை வெச்ச வெஸ்ட்டும் போட்டுப்பாங்க. இது ஒரு நினைவஞ்சலி, முதல்ல அத மனசுல வைங்க.

ரெண்டாவது, மூணு மாச உடம்பு 100 புல்-அப்ப ஒரே நாள்ல தாங்காது. பழக்கம் இல்லாத தசைய இப்படி வதைச்சா தசை நார் உடைஞ்சு ரத்தத்துல கலக்கும், அது கிட்னிய அடிக்கும், ராப்டோன்னு சொல்லுவாங்க. ரெண்டு நாள் கழிச்சு கை வீங்கி மடக்க முடியாம, யூரின் கட்டங்காப்பி கலர்ல போனா அன்னைக்கே ஆஸ்பத்திரி போகணும், தண்ணி குடிச்சா சரியாகிடும்னு வீட்ல உக்காரக்கூடாது. அதோட நம்ம ஊரு மே மாச வெயில், அக்னி நட்சத்திரம் முடிஞ்சும் முடியாத நேரம். கால்வாசி மர்ஃப் பண்ணுங்க, 25, 50, 75, ஓட்டம் 400 மீட்டர், காலைல 5 மணிக்கே. அதையும் அஞ்சு புல்-அப், பத்து புஷ்-அப், பதினஞ்சு ஸ்குவாட்னு அஞ்சு ரவுண்டா பிரிச்சுக்கோங்க. வெஸ்ட் வேணாம். முடிச்சுட்டு "கால்வாசி மர்ஃப்"னே போடுங்க. உங்க க்ரூப்ல அடுத்து சேரப்போற ஒருத்தர் அத பாத்து தான் தானும் கால்வாசில ஆரம்பிப்பார், அந்த போஸ்ட் 50 நிமிஷத்த விட நல்லது பண்ணும்.

"எட்டு மாசமா ஒரு பி.ஆர்.கூட இல்ல. க்ரூப்ல எல்லாரும் வாரா வாரம் போடறாங்க, நான் ஹார்ட் எமோஜி போட்டே ஓஞ்சுட்டேன். க்ரூப்ப விட்டு வெளிய வந்துடலாமா?"
வாசகி, திருச்சி

வராதீங்கம்மா. வாரா வாரம் பி.ஆர். போடறவங்க பெரும்பாலும் சேர்ந்து ஆறு மாசம் ஆனவங்களா இருப்பாங்க, ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படி தான் ஏறும், உங்களுக்கும் ஏறியிருக்கும், மறந்திருப்பீங்க. அப்புறம் ரெண்டரை கிலோ ஏத்த அரை வருஷம் ஆகும்.

நம்ம வெயிட்லிஃப்டர் மீராபாய் சானுவ நினைச்சுக்கோங்க. 2016 ரியோ ஒலிம்பிக்ல ஆறு முயற்சில ஒண்ணு தான் அவங்களுக்கு சரியா போச்சு, க்ளீன் அண்ட் ஜெர்க்ல (தோளுக்கு ஏத்தி, அப்புறம் தலைக்கு மேல தள்றது) மூணும் போச்சு, மொத்த கணக்கே வரல. அடுத்த வருஷமே 194 கிலோவோட வேர்ல்ட் சாம்பியன். டோக்கியோல 202 கிலோ, வெள்ளி. அந்த ரியோ நாளும் உலகமே பாத்தது தான், ஒளிக்க முடியல.

உங்களுக்கு ஒரு வேலை சொல்றேன். ஒரே ரெப் மேக்ஸ தொடாதீங்க, அத மூணு மாசத்துக்கு ஒரு தடவை டெஸ்ட் பண்ணா போதும். அதுக்கு பதிலா அஞ்சு ரெப்புல எவ்வளவுன்னு பாருங்க. 70 கிலோ ஸ்குவாட் அஞ்சு தடவை வந்துச்சுன்னா, ரெப்ப முப்பதால வகுத்து ஒண்ணு கூட்டி எடையால பெருக்கினா சுமார் 82 வரும், உங்க மேக்ஸ் ஏறக்குறைய அது. எப்லின்னு ஒருத்தர் கொடுத்த கணக்கு, தோராயம் தான், ஆனா உடம்ப கெடுக்காது. அஞ்சு ரெப் பி.ஆர்., மூணு ரெப் பி.ஆர்., முட்டி வலி இல்லாம பண்ணின முதல் செட், இதெல்லாம் க்ரூப்ல போடலாம். மிஸ் ஆன லிஃப்ட்டையும் ஒரு தடவை போட்டு பாருங்க, எங்க மாட்டுதுன்னு கேளுங்க. ஹார்ட் எமோஜிய விட நல்ல பதில் வரும்.

"எனக்கு 57 வயசு, பேங்க்ல ரிட்டயர்மெண்ட் கிட்ட வந்துட்டேன். பேட்ச்ல பசங்க 140, 150 எடுக்கறாங்க, நான் 60 கிலோ டெட்லிஃப்ட். பேத்திய தூக்கறதுக்காக தான் சேர்ந்தேன். போர்டுல என் பேர் எழுத வேணாம்னு கோச் கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். சரியா?"
வாசகர், சேலம்

தப்பு சார். உங்க பேர எழுத சொல்லுங்க.

கிராஸ்ஃபிட் போட்டிலயே 2010ல இருந்து வயசுக்கு தனி பிரிவு இருக்கு, ஏன்னா 57 வயசு 60 கிலோவையும் 24 வயசு 150 கிலோவையும் ஒரே தராசுல வைக்க முடியாதுன்னு அவங்களுக்கும் தெரியும். உங்க பேருக்கு பக்கத்துல 57ன்னு வயசையும் எழுத சொல்லுங்க, அவ்வளவு தான் நான் கேக்கறது. என் பேட்ச்ல ஒரு பெரியவர் இருக்கார், அவர் 45 கிலோ எடுத்த அன்னைக்கு 140 எடுக்கற பசங்க தான் முதல்ல ஓடி வந்து பிளேட்ட கழட்டி வெச்சாங்க, அதுல ஒருத்தன் அன்னைக்கு சாயங்காலமே அவங்க அப்பாவ கூட்டிட்டு வந்து சேத்து விட்டான்.

பேத்திக்கு என்ன வயசு, எத்தனை கிலோ இருக்கான்னு எழுதல நீங்க. அடுத்த லெட்டர்ல அதையும் எழுதுங்க சார், தரையில இருந்து தூக்கினீங்களா, கட்டில்ல இருந்து தூக்கினீங்களான்னும்.