மருத்துவர் பதில்: புது மாத்திரை என்றால் சோதனை எலியா?

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக நியூ ஜெர்சி வந்திருக்கிறேன். குழந்தைக்கு ஏழு வாரம். மகளுக்குத் தூக்கமில்லை, குழந்தையைத் தூக்கவும் மனமில்லை. “நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி” என்கிறாள். மனநல மருத்துவர் சுரானோலோன் என்ற புது மாத்திரையை 14 நாள் சாப்பிடச் சொல்கிறார். என் பெண்ணை வைத்துச் சோதித்துப் பார்க்கிறார்களோ?

பதில்: அம்மா, மாத்திரையை அப்புறம் பார்ப்போம். மகள் சொன்ன அந்த வார்த்தையைப் பிள்ளை பெற்ற அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள். இன்றே அவள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவளைத் தனியே விடாதீர்கள். ராத்திரி நேரத்தில் அவசரமென்றால் அங்கே 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண் இருக்கிறது.

சரி, மாத்திரைக்கு வருவோம். சோதனையெல்லாம் முடிந்து, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கென்று 2023 ஆகஸ்டில் அமெரிக்க அரசு அனுமதித்த மருந்து இது. கர்ப்ப காலத்தில் ஏறி, பிரசவமானதும் சரேலென்று இறங்கிவிடும் ஒரு ஹார்மோன் பொருளைப் போல மூளையில் வேலை செய்கிறது. இதே வழியில் 2019இல் வந்த முதல் மருந்தை 60 மணி நேரம் டிரிப்ஸாக ஏற்ற வேண்டியிருந்தது. கைக்குழந்தைக்காரிக்கு அது நடக்கிற காரியமா?

கடுமையான மனச்சோர்வில் இருந்த 196 தாய்மார்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பாதிக்கு மருந்து, மறு பாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுத்தவருக்கும் தெரியாது. பதினைந்தாம் நாள் மனச்சோர்வு மதிப்பெண் (கூடினால் நோய் கடுமை என்று பொருள்) மருந்து எடுத்தவர்களுக்குச் சராசரியாக 15.6 குறைந்தது, மற்றவர்களுக்கு 11.6. நான்கு புள்ளிதான் வித்தியாசம். அற்புத மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வித்தியாசம் மூன்றாம் நாளே தெரிந்தது. வழக்கமான மாத்திரைகளுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். உங்கள் மகள் இருக்கும் நிலையில் அந்த நாட்கள் பெரிது. அந்தச் சோதனையில் 45ஆம் நாள் வரைதான் கவனித்தார்கள். எனவே 14 நாள் முடிந்ததும் மருத்துவரைப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

தாய்ப்பால் விஷயத்தை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். பாலில் கொஞ்சம்தான் கலக்கிறது என்றாலும், சோதனையில் இருந்தவர்கள் மருந்து எடுத்த நாட்களிலும் அதன்பின் ஒரு வாரமும் பால் கொடுக்கவில்லை. நிறுத்துவதானால், பால் வற்றாமலிருக்கத் தவறாமல் பீய்ச்ச வேண்டும்.

மாத்திரையை இரவுச் சாப்பாட்டோடு, கொழுப்புள்ள உணவாகப் பார்த்துக் கொடுங்கள். நெய் ஊற்றிப் பிசைந்த பருப்பு சாதம் போதும். நல்ல தூக்கம் வரும், தலை சுற்றலாம். அதனால் இந்த 14 ராத்திரியும் குழந்தை உங்கள் பொறுப்பு. மாத்திரை போட்டு 12 மணி நேரம் கார் ஓட்டவே கூடாது. “எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்” என்பாள். நம்ப வேண்டாம், மயக்கம் அவளுக்கே தெரியாது. சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.