பூட்டிய வீட்டையும் கணக்கில் சேருங்கள்

கேள்வி: எங்கள் நகர் நலச் சங்கத்தில், குலுக்கல் முறையில் 200 வீடுகளை எடுத்து, தண்ணீர் கேனுக்கு மாதம் எவ்வளவு ஆகிறது என்று கேட்டோம். 140 வீட்டில் சொன்னார்கள், சராசரி 420 ரூபாய். மீதி 60 வீடு பூட்டியிருந்தது. அதற்குப் பதிலாக வேறு 60 வீட்டில் கேட்டுச் சேர்த்துக்கொள்ளலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: சேர்த்தால் தாளில் 200 என்று நிறையும், அவ்வளவுதான். நீங்கள் பகலில் போயிருப்பீர்கள், அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இருந்தால் குழாயில் தண்ணீர் வரும்போது பிடித்து வைத்துக்கொள்வார்கள். இருவருமே சிப்காட்டுக்கோ பாண்டிக்கோ வேலைக்குப் போகிற வீட்டில் யார் பிடிப்பது? அங்கேதான் கேன் அதிகம் இறங்கும், பூட்டிக் கிடப்பதும் அந்த வீடாகத்தான் இருக்கும். புதிதாக 60 வீடு என்று கிளம்பினாலும் திறந்திருக்கும் கதவைத்தானே தட்டுவீர்கள்!

நிறையப் பேரிடம் கேட்டால் சரியாகிவிடும் என்பதும் இல்லை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை யாருக்கு ஓட்டு என்று கேட்டு சுமார் ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது, 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தது, அதை நம்பி லாண்டன் ஜெயிப்பார் என்று எழுதினார்கள். 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட்டுக்குப் போனது. அனுப்பிய பட்டியலே கோணல், அதற்கு மேல் பதில் போடாதவர்களின் எண்ணமும் வேறாக இருந்தது.

அதனால் புது வீடு தேடாதீர்கள். அந்த 60-லிருந்தே 20 வீட்டைக் குலுக்கி எடுங்கள், ராத்திரி எட்டு மணிக்கோ ஞாயிற்றுக்கிழமையோ போய், பதில் வாங்காமல் திரும்பாதீர்கள். இருபதின் சராசரி 720 என்று வைத்துக்கொள்வோம். 160 பதிலையும் ஒன்றாகக் கொட்டி வகுத்தால் 457 ரூபாய் சொச்சம் வரும், அது தப்பு, ஏனென்றால் இந்த 20 வீடு 60 வீட்டுக்காகப் பேசுகிறது, ஒவ்வொன்றையும் மூன்றாக எண்ண வேண்டும். 140-ஐ 420-ஆல், 60-ஐ 720-ஆல் பெருக்கிக் கூட்டி 200-ஆல் வகுத்தால் 510. ஹேன்சன், ஹர்விட்ஸ் என்ற இரண்டு புள்ளியியல் அறிஞர்கள் 1946-ல் எழுதிய வழி இது. பாதி ஊரை மறுபடி சுற்றாமல் இருபது வீட்டோடு வேலை முடிகிறதே, அதுதான் எனக்குப் பிடித்தது.

மறுபடி போக ஆளே இல்லையா? சரி, சொந்த வீடு, வாடகை வீடு என்று பிரித்து, எந்தப் பிரிவில் பதில் குறைவோ அதற்கு எடை கூட்டலாம், அதாவது அங்கே வந்த ஒவ்வொரு பதிலையும் ஒன்றுக்கு மேலாக எண்ணலாம். ஆனால் பதில் சொன்ன வாடகைக்காரரும் சொல்லாதவரும் ஒரே மாதிரி செலவழிப்பவர்கள் என்று நம்பித்தான் அதைச் செய்கிறோம், அந்த நம்பிக்கையை உங்கள் தாளை வைத்துச் சோதிக்க முடியாது.

கேள்வி: பதில் வராத கட்டத்தில் சராசரியையே எழுதி நிரப்பினால் என்ன?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: சராசரி இம்மியும் மாறாது, ஆனால் எல்லாரும் ஒரே அளவு செலவழிப்பது போல ஏற்ற இறக்கம் குறைந்து காட்டும். அதைவிட மேலே சொன்ன 60 வீட்டுக்கும் ஒருமுறை பூஜ்யம், ஒருமுறை அதிகபட்சமாக 1,500 போட்டுப் பாருங்கள்: சராசரி 294-லிருந்து 744 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று வரும். அறிக்கையில் அந்த இரண்டையும் போட்டுவிடுங்கள்.