வியாபாரக் கேள்வி-பதில்: இம்முறை அமேசான்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமேசானைப் பற்றியவை. மற்றவற்றை அடுத்த முறைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

அமேசான் இன்னும் நஷ்டத்தில்தான் ஓடுகிறதாமே? எத்தனை நாள் தாங்கும்?
*– கல்லூரி மாணவர், மதுரை*

வணிகவியல் படிப்பவர் ஆண்டறிக்கையைத் திறந்து பார்க்காமல் இப்படிக் கேட்கக் கூடாது. முழு ஆண்டுக்கான முதல் லாபம் 2003-லேயே வந்துவிட்டது. 2024-ல் விற்றுமுதல் ஏறக்குறைய 64,000 கோடி டாலர், நிகர லாபம் 6,000 கோடி டாலரை ஒட்டி. இயக்க லாபத்தில் பாதிக்கு மேல் மற்ற நிறுவனங்களுக்கு இணையவழிக் கணினி வசதியை வாடகைக்குத் தரும் ஏ.டபிள்யூ.எஸ். என்ற கிளவுட் பிரிவு தந்தது. இந்தியப் பிரிவு பல ஆண்டுகள் நஷ்டம் காட்டியது உண்மை. அதையும் மொத்தக் கம்பெனியையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

அப்படியானால் ஆரம்ப வருடங்களில் லாபமே இல்லாமல் எப்படி வளர்ந்தார்கள்?
*– ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, தஞ்சாவூர்*

பணம் சுழன்ற விதம் ஒரு பெரிய காரணம். வாடிக்கையாளர் கார்டில் அன்றே பணம் கட்டிவிடுவார். சரக்கு கொடுத்தவருக்குப் பணம் போக வாரக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட நாட்களில் அந்தப் பணம் அமேசானின் கையில். விற்பனை ஏற ஏற அதுவும் ஏறும். வங்கியில் இருந்த உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

அப்புறம் முதலீட்டாளர்களின் பொறுமை. 1997 மே மாதம் பங்கு 18 டாலருக்கு வெளியானது. பங்குதாரர்களுக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே நிறுவனர் ஜெஃப் பெசோஸ், உடனடி லாபத்தைவிட நீண்டகாலச் சந்தைத் தலைமைதான் முக்கியம் என்று சொல்லிவிட்டார். 2000-ல் வெளி விற்பனையாளர்களை உள்ளே விட்டார்கள். 2005-ல் ஆண்டுக்கு 79 டாலர் கட்டினால் தனி அனுப்பும் செலவில்லாமல் சரக்கு விரைவாக வீடு வரும் பிரைம் உறுப்பினர் திட்டம் வந்தது. அடுத்த வருடமே விற்பனையாளரின் சரக்கைத் தங்கள் கிடங்கில் வைத்து அனுப்பும் சேவையும் வந்தது. ஆண்டுக் கட்டணம் கட்டியவர் வேறு கடையைத் தேடிப் போக மாட்டார். வாங்குகிறவர் அங்கேயே இருந்தால் விற்கிறவரும் அங்கேதான் போயாக வேண்டும்.

பலர் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு. ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாதவர் அங்கே விற்பனை வரி வசூலிக்க வேண்டியதில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992-ல் சொல்லியிருந்தது. பக்கத்துத் தெரு புத்தகக் கடைக்காரர் வரி சேர்த்து விற்றபோது அமேசான் பல மாநிலங்களில் வரி இல்லாமல் விற்றது. 2018-ல் அந்தத் தீர்ப்பு மாறுவதற்குள் பல கடைகள் மூடிவிட்டன.

மாதம் ஒரு லட்சத்துக்கு விற்கிறேன். கைக்கு அறுபதாயிரம்தான் வருகிறது. ஏமாற்றுகிறார்களா?
*– பெட்ஷீட் விற்பனையாளர், கரூர்*

செட்டில்மென்ட் ரிப்போர்ட்டை (விற்ற தொகை, பிடித்தம், கைக்கு வந்தது எல்லாம் காட்டும் அமேசானின் கணக்கு அறிக்கை) அனுப்பாமல் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் நீங்கள் எத்தனையாவது ஆளோ தெரியவில்லை. அதைப் பார்க்காமல் நான் எதைச் சொல்ல? ஒவ்வொரு வரியாக நீங்களே பாருங்கள்: விற்பனைக் கமிஷன், ஒவ்வொரு விற்பனைக்கும் பிடிக்கும் குளோசிங் கட்டணம், எடைக்கேற்ற அனுப்பும் செலவு, அவர்கள் கிடங்கில் வைத்திருந்தால் அதற்கான வாடகை, விளம்பரச் செலவு, ரிட்டர்ன் வந்த சரக்கு, கட்டணங்கள் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. அந்த ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து, எடுத்துக்கொள்ளலாம். அமேசான் பிடித்து அரசுக்குக் கட்டும் டி.சி.எஸ். (ஜி.எஸ்.டி.யில்) அரை சதவீதமும் டி.டி.எஸ். (வருமான வரியில்) 0.1 சதவீதமும் உங்கள் கணக்கில்தான் ஏறும்; அவை செலவு அல்ல. இந்த இரண்டையும் கோராமல் விட்டுவிட்டு ஏமாற்றுகிறார்கள் என்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பெட்ஷீட் கனமான சரக்கு. எடைப் பிரிவைத் தவறாகப் போட்டிருந்தால் அதிலேயே பாதி லாபம் போய்விடும். விற்ற தொகை வேறு, கைக்கு வரும் தொகை வேறு. விலை போடும்போதே இரண்டாவதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் ஆன்லைனில் விற்க முடியுமா?
*– இல்லத்தரசி, ஈரோடு*

சரக்கு விற்பனை என்றால் 2023 அக்டோபர் 1 முதல் முடியும். மாநிலத்துக்குள் மட்டும் விற்க வேண்டும், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டக் கூடாது, ஜி.எஸ்.டி. தளத்தில் என்ரோல்மென்ட் எண் வாங்க வேண்டும். பெங்களூருக்கு ஒரே ஒரு பாக்கெட் மஞ்சள்தூள் அனுப்பினாலும் இந்தச் சலுகை கிடையாது.

அமேசான் வெறும் சந்தைதானே, அவர்கள் விற்பதில்லையே? பிறகு ஏன் கடைக்காரர்கள் கூச்சல் போடுகிறார்கள்?
*– சாஃப்ட்வேர் ஊழியர், சென்னை*

கூச்சல் என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வெளிநாட்டு முதலீட்டு விதிப்படி இங்கே அமேசான் சந்தை நடத்தலாம், தானே சரக்கு வைத்து விற்கக் கூடாது. காகிதத்தில் அப்படித்தான் இருந்தது. ஆனால் பல வருடங்கள் அந்தத் தளத்தின் மிகப்பெரிய விற்பனையாளர்களில் ஒன்று கிளவுட்டெயில். இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தியின் முதலீட்டு நிறுவனமான கேட்டமரனும் அமேசானும் கூட்டாக வைத்த நிறுவனத்துக்குச் சொந்தமானது அது. தளத்தை நடத்துபவருக்குப் பங்கு உள்ள நிறுவனம் அந்தத் தளத்தில் விற்கக் கூடாது என்று 2018 டிசம்பரில் அரசு பிரஸ் நோட் 2 என்ற விதி அறிவிப்பைப் போட்டது. உடனே அமேசான் தன் பங்கை 49-லிருந்து 24 சதவீதமாகக் குறைத்துக்கொண்டது. கிளவுட்டெயில் விற்பனையைத் தொடர்ந்தது. கூட்டு முடிந்தது 2022 மே மாதத்தில்தான்.

நிறுவனத்தின் உள் ஆவணங்களைப் பார்த்து 2021 பிப்ரவரியில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி இன்னும் கசப்பானது. 2019 தொடக்கத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விற்பனையாளர்கள் இருந்தும், விற்பனையில் மூன்றில் இரண்டு பங்கு 35 பேரிடமிருந்து வந்ததாம். யாருக்கும் சலுகை காட்டவில்லை என்பது அமேசானின் பதில். சந்தையில் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம், சிலருக்கு மட்டும் சலுகை என்ற புகாரில் 2020 ஜனவரியிலேயே விசாரணைக்கு உத்தரவிட்டிருந்தது. அதைத் தடுக்க நிறுவனம் நீதிமன்றம் போனது. 2021 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தடுக்க மறுத்தது.

ஊர்ச் சந்தையில் குத்தகைதாரர் சுங்கம் வசூலிப்பார். அவரே வாசலில் கடை போட்டு, நேற்று யாரிடம் எது விற்றுத் தீர்ந்தது என்று பார்த்து இன்று அதையே குவித்தால் மற்றவர்கள் எழுந்து கத்த மாட்டார்களா? இங்கே குத்தகைதாரருக்கு இன்னும் அதிகம் தெரியும்: யார் எதைத் தேடினார், எந்த விலையில் வாங்காமல் போனார், எந்தச் சரக்கு திரும்பி வந்தது. விற்பனையாளர்களின் தனித் தகவலைச் சொந்தப் பிராண்டுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற கொள்கை இருப்பதாக 2020 ஜூலையில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் பெசோஸ் சொன்னார். அது மீறப்படவே இல்லை என்று தன்னால் உறுதி தர முடியாது என்றும் அவரே சொன்னார். பொதுவில் இல்லாத விற்பனையாளர் தகவலைத் தன் சில்லறை வியாபாரத்துக்கு எடுப்பதில்லை என்று 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்திடம் அமேசான் கட்டுப்பட்டு ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதல் ஐரோப்பிய விற்பனையாளருக்கு மட்டும். கரூரில் தறி வைத்திருப்பவருக்கு ஏன் இல்லை? பல வருடமாக இதையே கேட்டு எழுதுகிறேன், இனியும் எழுதுவேன்.

நீங்கள் வாங்குகிற இடத்திலிருந்து பார்க்கிறீர்கள். பொருள் நேரத்துக்கு வருகிறது, சரி. வைத்திருக்கிற ஒரே தளத்தில் தன் பொருள் எந்தப் பக்கத்தில் வரும் என்று தெரியாமல் விடிகாலையில் போனைத் திறந்து பார்க்கிறவர்களோடு பேசிப் பாருங்கள்.

விலை குறைந்தால் மக்களுக்கு நல்லதுதானே?
*– பெயர் இல்லை, கோவை*

இன்று நல்லது. நாளையையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் குழந்தைகளின் டயப்பர் விற்ற குவிட்சி என்ற நிறுவனத்தோடு அமேசான் விலைப்போர் நடத்தியது. ஒரே மாதத்தில் 20 கோடி டாலருக்கு மேல் இழக்கத் தயாராக இருந்ததாக நாடாளுமன்றக் குழு விசாரணையில் வெளிவந்தது. 2010-ல் ஏறக்குறைய 55 கோடி டாலருக்கு அந்த நிறுவனத்தையே வாங்கினார்கள், 2017-ல் மூடிவிட்டார்கள். அடுத்த முறை பெயர் போட்டு எழுதுங்கள்.

அமேசான் பங்கு வாங்கலாமா?
*– வாசகர், திருநெல்வேலி*

பங்குப் பரிந்துரை இந்தப் பகுதியில் கிடையாது, பலமுறை எழுதிவிட்டேன். 1999 இறுதியில் 100 டாலருக்கு மேல் இருந்த பங்கு 2001-ல் 6 டாலருக்கு வந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பிரைம் உறுப்பினர் சேவையை ரத்து செய்ய வழியே தெரியவில்லை.
*– ஆசிரியை, சேலம்*

கணக்கு அமைப்புகளில் உறுப்பினர் பகுதிக்குள் போய், தானாகப் புதுப்பிப்பதை நிறுத்துங்கள். இது உங்கள் தவறு மட்டும் அல்ல. சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்கியதாக அமெரிக்க வர்த்தக ஆணையம் போட்ட வழக்கை, 2025 செப்டம்பரில் 250 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு அமேசான் முடித்துக்கொண்டது. நம் நாட்டிலும் 2023 நவம்பர் முதல் இப்படிச் சிக்க வைப்பதற்கு எதிராக வழிகாட்டுதல் இருக்கிறது. முடியவில்லை என்றால் திரைப் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள்.

என் விற்பனைக் கணக்கை முடக்கிவிட்டார்கள். மனைவி பெயரில் புதுக் கணக்கு தொடங்கினேன், அதையும் முடக்கிவிட்டார்கள்.
*– டைரி தயாரிப்பாளர், சிவகாசி*

இரண்டாவது கணக்குதான் பெரிய தப்பு. ஒரே முகவரி, ஒரே வங்கி, ஒரே போன் என்றால் தொடர்புடைய கணக்கு என்று கண்டுபிடித்துவிடுவார்கள். முதல் முறையீடும் பலவீனமாகிவிடும். வந்த நோட்டீசை முழுதாகப் படியுங்கள். எந்தப் பொருளைப் பற்றிச் சொல்கிறார்களோ அதற்கான காகிதம் வாங்கிய பில், பிராண்ட் பதிவு, என்ன திருத்தினீர்கள் என்ற விவரம் மூன்றையும் இணைத்து ஒரே பதிலாக அனுப்புங்கள். தினமும் கெஞ்சி மெயில் போடாதீர்கள். நிலுவைத் தொகை எவ்வளவு என்று செட்டில்மென்ட் ரிப்போர்ட்டில் பார்த்துக் குறித்து வையுங்கள். டைரிக்கு சீசன் போய்விடும் என்பதால், பதில் வரும்வரை காத்திருக்காமல் பழைய மொத்த வியாபாரிகளை இன்றே அழைத்துப் பேசுங்கள்.